நெட்டி முறியும் சத்தம்

இன்று மத்தியானம் கோயில் கான்டீனில் ஒரு ஆன்ட்டி நம் இனியாவின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தார். படபடவென்று சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று! புளியோதரைத் தட்டோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். "அப்படியே அம்மாவ உரிச்சு வெச்சிருக்கா, என் கண்ணே பட்டுடும்" என்றார் அந்த அம்மாள். நல்ல மனசு, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் மகள் கையிலிருந்த தட்டு சுவரில் போய் மோதியது. அதற்கப்புறம் அவள் போட்ட கூச்சலில் கான்டீனே திரும்பிப் பார்த்தது. நீ போன பிறகு அவள் கத்தியது இதுதான் முதல் தடவை.

உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன், சொல்லு.

அவள் கத்தாத நாளே இல்லாத காலம் உனக்கு ஞாபகம் இருக்குமே. அப்போது அவளுக்கு ஆறு வயது. டிவியை அணைத்தால் ஷூ பறக்கும். சாக்ஸின் தையல் காலில் உறுத்தினால் போதும், தன் கையையே கடித்துக்கொள்வாள். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் நாலு தரம் அடிக்க விட்டு, அப்புறம்தான் எடுப்பாய். கடலுக்கு அந்தப் பக்கம், கோபியிலிருந்து உன் பெரியப்பா வாட்ஸப்பில் கூப்பிட்டு வைத்தியம் சொன்னார்: "ரெண்டு சாத்து சாத்துனா எல்லாஞ் செரியாப் போயிரும்." நீ என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "நீங்க சாத்தி வளத்துன பையன் இப்ப உங்ககூடப் பேசறானுங்களா பெரீப்பா?" என்று கேட்டாய். அவர் போனை வைத்துவிட்டார். எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் சிரிப்பு. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு டானா என்கிற தெரபிஸ்டிடம் போனோம். கத்தினால் கண்டுகொள்ளாதீர்கள், நல்லது ஒன்று செய்தால் அந்த நிமிஷமே, செய்தது இன்னது என்று சொல்லிப் பாராட்டுங்கள். அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். கண்டுகொள்ளாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு பழகிவிட்டோம். பாராட்டத்தான் வாய் வரவில்லை. நம் வீடுகளில் யார் யாரைப் பாராட்டினார்கள்? பத்தாம் வகுப்பில் நான் பள்ளிக்கே முதலாவதாக வந்தபோது என் அப்பா கேட்டது, "சாப்டியா?" அவ்வளவுதான்.

அந்தக் கண்ணாடி அறையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. உள்ளே நீயும் அவளும் தரையில் விளையாடிக்கொண்டிருந்தீர்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் டானாவும். அவர் சொல்வது உன் காதிலிருந்த இயர்போனில் கேட்கும். இனியா கட்டைகளையெல்லாம் தானாகவே எடுத்துப் பெட்டியில் போட்டாள். "இப்போது பாராட்டுங்கள், இப்போதே" என்றார் டானா. நீ அவள் பக்கம் திரும்பினாய். "எல்லாத்தையும் நீயே எடுத்து வெச்சது அம்மாளுக்கு ரொம்பப் புடிச்சிருக்குது சாமி" என்று எப்படியோ சொல்லி முடித்தாய். முடித்த கையோடு அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாய். டானா பதறிப்போய் என்னைப் பார்த்தார். உங்கள் மனைவிக்குக் கையில் ஏதாவது வலியா, பதற்றமா என்று கேட்டார். நான் கம்ப்யூட்டரில் கோட் எழுதிப் பிழைக்கிறவன். கண் திருஷ்டியை ஆங்கிலத்தில் விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரில் சண்டை. "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுங்க. விடிஞ்சா அடைஞ்சா புள்ளைய மெச்சீட்டே இருந்தா என்னத்துக்காகறது?" என்றாய். "அவங்க படிச்சிட்டுத்தான சொல்றாங்க" என்றேன். "படிச்சா கண்ணு படாதா?" என்றாய். உன்னிடம் வாயைக் கொடுத்து நான் எப்போது மீண்டிருக்கிறேன்? கடைசியில் டானாவேதான் வழி சொன்னார். நீங்கள் நெட்டி முறிக்கும்போது குழந்தை தலையை முன்னால் நீட்டுகிறாள், நான் பார்த்தேன், அதை நிறுத்தாதீர்கள் என்றார்.

ஒவ்வொரு நல்லதுக்கும் ஒரு நட்சத்திரம் என்று ஃபிரிட்ஜில் ஒட்டிய அட்டையை இனியா மதிக்கவே இல்லை. அவளுக்கு வேண்டியது உன் விரல் சத்தம். ஷூவை ரேக்கில் வைத்துவிட்டு வந்து நிற்பாள்: "அம்மா, டூ த க்ராக்." ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்து, வகுப்பில் கோபம் வந்தது, ஆனாலும் நாற்காலியைத் தள்ளவில்லை என்று மூச்சிரைக்கச் சொன்னாள். நீ முறித்த நெட்டியில் பத்து விரலும் பொரிந்தன. "எத்தன கண்ணு பாரு எம்புள்ள மேல!" என்று நீ சொல்ல, அவள் பெருமையில் இரண்டு இஞ்ச் வளர்ந்தாள். நான் முயன்றால் மட்டும் சத்தமே வராது. "உங்க கண்ணேதான் பட்டிருக்கும், அப்புறம் எப்படி வருமுங்க?" என்று கிண்டல் செய்வாய்.

பிறகு ஆஸ்பத்திரி. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பில்லை. அவள் தன் தலையைத் தானே பின்னிக்கொண்டு உன்னிடம் காட்ட வந்தாள். வகிடு கோணல், ஒரு பக்கம் முழுக்கப் பிசிறு. நீ வீங்கிய கைகளைத் தூக்கி அவள் கன்னத்தை வழித்தாய். விரல்களை மடக்கி நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினாய். ஒரு விரல்கூடச் சத்தம் போடவில்லை. உன் முகம் போன போக்கு! அவள் உன் காதருகே குனிந்து, "இட்ஸ் ஓகே அம்மா, ஐ ஹெர்ட் த க்ராக்" என்றாள். நான் வராந்தாவுக்கு வந்து சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன்.

நீ போன அன்றிலிருந்து அவள் ஒரு பொருளையும் எறியவில்லை. உறுத்துகிற சாக்ஸையும் பேசாமல் போட்டுக்கொள்கிறாள். எதைச் சொன்னாலும் "ஓகே அப்பா." போன வாரம் பள்ளியில் கூப்பிட்டுச் சொன்னார்கள்: இனியா அருமையாக இருக்கிறாள், ஒரு பிரச்சினையும் இல்லை, இனி அவளுக்குத் தனி உதவி தேவைப்படாது. அடப் பாவிகளா! குழந்தை உள்ளுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இவர்களுக்கு அது அருமையாம். மேஜையைத் தட்டி நான்தான் கத்தியிருப்பேன். உனக்காக வாயை மூடிக்கொண்டு வந்தேன். டானாவுக்குப் போன் செய்தபோது, "பக்கத்திலேயே இருங்கள், கதவைத் தட்டாதீர்கள்" என்றார். இருந்தேன். அவள் இனி வெளியே வரவே மாட்டாளோ என்று பயந்து செத்துக்கொண்டே இருந்தேன்.

அதனால்தான் இன்று தட்டு பறந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு அங்கிள் உச்சுக்கொட்டினார், கொட்டட்டும். சிந்தியதைத் துடைக்க அந்த ஆன்ட்டியே ஓடி வந்தார். நான் இவளைத் தூக்கிக்கொண்டு பார்க்கிங்குக்கு வந்தேன். காரின் பின் சீட்டில் உட்கார்ந்து என் சீட்டை உதை உதையென்று உதைத்தாள். "ஷீ டஸன்ட் கெட் டு டூ தட்! ஒன்லி அம்மா! ஒன்லி அம்மா!" நீ பழகிய மாதிரியே நானும் பேசாமல், திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். என் கண்ணிலிருந்து கொட்டியதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

உதை மெல்ல ஓய்ந்தது. திரும்பினேன். "அம்மா மட்டுந்தான் செய்யணும்னு உன் மனசுல இருந்தத எங்கிட்டச் சொன்ன பாரு, அது அப்பாவுக்கு ரொம்பப் புடிச்சிருக்குது சாமி" என்றேன். செய்தது இன்னது என்று சொல்லிப் பாராட்ட வேண்டுமே. பிறகு என்ன தைரியமோ, அவள் கன்னத்தை வழித்து என் நெற்றிப்பொட்டில் விரலை வைத்து அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அழுத்தினேன். ம்ஹூம்.

"அப்பா, யூ ஆர் டெரிபிள் அட் திஸ்" என்றாள்.

"ஆமா. அம்மாவும் அதத்தான் சொல்லுவா."

அவள் இரண்டு சீட்டுக்கும் நடுவில் எக்கி வந்தாள். சவரம் செய்யாத, நனைந்த என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்தாள். சின்ன விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் வைத்தாள். படபடவென்று பொரிந்தது. அந்தச் சத்தத்தில் அவளே திடுக்கிட்டுப் போனாள். பிறகு, தமிழில் கேட்டால் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிற உன் மகள், உன் கோபி இழுப்பு கொஞ்சமும் குறையாமல் சொன்னாள்: "எத்தன கண்ணு பாரு!"

சொல்லி முடிப்பதற்குள் உடைந்து அழுதாள். நீ போனதற்கு அவள் அழுதது இன்றுதான். என் தோளில் விழுந்து, இனி வண்டியை எடுக்கலாம் என்கிற அளவுக்கு ஓயும்வரை அழுதாள்.

இப்போது சோபாவில் தூங்குகிறாள். சாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டாள், ஒன்று டிவி மேல் கிடக்கிறது. அதை நான் எடுக்கப்போவதில்லை. அவள் கையிலிருந்த புளியோதரை எண்ணெய் என் இரண்டு கன்னத்திலும் பிசுபிசுக்கிறது. நான் இன்னும் முகம் கழுவவில்லை.