மலிவு விஸ்கியும் மாப்பிள்ளை நாற்காலியும்

பேரப்பிள்ளைகளின் தாத்தாவுக்குக் கும்பிட்டு எழுதுகிறேன். வேலைக்கு வந்த ஊரில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? போனில் கேட்கலாமென்றால், எடுத்ததுமே மருமகளிடம் நீட்டிவிடுகிறீர்கள்.

கோபப்படாமல் படியுங்கள். நான் பாத்திரம் கழுவும் பாரில் மலிவாக ஒரு ரை விஸ்கி வந்திறங்கியது. ரை என்பது கோதுமை மாதிரி ஒரு தானியமாம். கலக்கிக் கொடுக்கும் தம்பி, "பாட்டி, உங்க நாக்கு கெட்டிக்கார நாக்கு, ருசி பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு வாய் கொடுத்தான். எச்சில் படக்கூடாதென்று அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். புரையேறி, கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ஐயோ பாட்டி, இது மோர் இல்ல!"

"மிளகுக் கஷாயத்துல தீ வச்ச மாதிரி இருக்குடா. எலுமிச்சையும் சர்க்கரைப் பாகும் விட்டு, இஞ்சி தட்டிப் போடு."

அப்படியே கலக்கினான். நன்றாகத்தான் இருந்தது. "தாத்தா குடிப்பாரா?" என்றான்.

"குடிச்சிட்டு என் தங்கச்சி கல்யாணத்துல மாப்பிள்ளைய எழுப்பிட்டு அந்த நாற்காலியில உக்காந்தவரு."

பாரில் வேலை செய்கிற எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. உங்களை ஏச நான் ஒருத்தி போதாதா? "மத்தபடி தங்கமான மனுஷன்" என்று அவர்கள் வாயை அடைத்தேன். அதற்காகத் தலைகால் தெரியாமல் ஆடாதீர்கள். அந்த நாற்காலியை நான் மறக்கவில்லை.

அன்று ராத்திரி சிரித்தவர்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். என் அறையில் சண்டை போடக்கூட ஆளில்லை.

உங்கள் பழைய துண்டு ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், இங்கே நானே துவைத்துக்கொள்கிறேன்.

எலுமிச்சம்பழம் நறுக்கக் கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பேச ஒன்றுமில்லையென்றால் சும்மா இருமுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி