சோற்றுப் பசையால் ஒட்டிய கொப்பி

தேற்றாத்தீவு
மார்கழி 11

என் அப்பாவுக்கு,

கஜானி எழுதுகிறேன். முதலில் சுகம் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று நீங்கள்தான் சொல்லித் தந்தீர்கள். அம்மா சுகம். கோழிகள் சுகம். மழைக்கு வாவித் தண்ணீர் வேலி வரைக்கும் வந்து, பிறகு தானாகவே திரும்பிப் போய்விட்டது. டோகாவில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டுமென்று பிள்ளையாரிடம் கேட்டிருக்கிறேன்.

இதைப் போனில் கேட்க முடியாது. வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் எடுத்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துக் கேட்கும். அதனால் லீவு முடிந்து நாளைக்குத் திரும்புகிற ஸாஜித் நானாவிடம் கொடுத்து விடுகிறேன். உங்களோடு வான் வண்டி ஓட்டுகிறவர், நம்பலாம் என்று நீங்களே சொன்னவர். ஆனாலும் கடிதத்தைச் சோற்றுப் பசை வைத்து ஒட்டியிருக்கிறேன். யாராவது பிரித்திருந்தால் ஓரம் கிழிந்திருக்கும், பாருங்கள்.

நான் வாசிகசாலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வேலைக்கு வைக்கும்போது தலைவர் அருமைநாயகம் ஐயா, "வாய் திறக்காத புள்ளைக்கு ஏத்த வேலை. அங்க ஒருத்தரும் பேசக் கூடாதே" என்று எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார். காலையில் பேப்பர்களை விரித்து வைப்பேன். புத்தகம் எடுக்கிறவர்கள் பதிவுக் கொப்பியில் பெயர் எழுதுவார்கள், பக்கத்தில் நான் திகதி போடுவேன். திருப்பித் தரும்போது கடைசி வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் தங்கள் கருத்தை எழுதிவிட்டுத் தருவது இங்கே பழக்கம். கருத்துக்குக் கீழே பெயர் போடுவதில்லை. போடாவிட்டாலும் எழுத்தைப் பார்த்தே ஆள் யாரென்று எனக்குத் தெரியும்.

ஐப்பசியில் ஒரு நாவல் தபாலில் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. பெயர் 'பச்சை மை', எழுதியவர் நீரோடன். நீரோடன் யார் என்று யாருக்கும் தெரியாது. ஒரே பிரதி. வரிசையில் நின்று எடுத்துக்கொண்டு போனார்கள்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாவிட்டால் சுருக்கமாகச் சொல்கிறேன். வாவி ஓரத்து வயல்களைப் பிடிப்பதற்காக ஒரு பெரிய அரசியல்வாதியும் சில அதிகாரிகளும் சேர்ந்து, செத்துப்போன ஆட்களின் கையெழுத்தை வைத்துப் பத்திரம் முடிக்கிறார்கள். அதைக் கேட்கப் போன ஒருவர் வாவியில் மிதக்கிறார். கந்தோரில் கோப்பு எழுதுகிற ஓர் இலிகிதருக்கு எல்லாம் தெரியும். சாட்சியாகக் கையெழுத்து வைத்தவரே அவர்தான். கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு சி.ஐ.டி. வந்து துப்புத் துலக்குகிறார். இலிகிதர் பிளேன் ஏறிவிடுகிறார்.

ஊருக்குள் இந்த நாவலால் இரண்டு கட்சி. இராசாத்தி மாமி தையல் மெஷினில் இருந்தபடியே இரண்டு நாளில் முடித்து, கடைசிப் பக்கத்தில் ஐந்து வரி எழுதியிருந்தார். "முதல் அறுபது பக்கம் கொட்டாவி. பிறகு சோறு வேகிறதைக்கூட மறந்துவிட்டேன். ஆனால் இத்தனை பேர் இருக்கிற கதையில் பெண்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிற வேலை மட்டும்தானா?" என்று இருந்தது. மிச்சம் இரண்டு வரியில் அந்த சி.ஐ.டி.யின் மீசையைப் பற்றி எழுதியிருந்தார். ஓட்டோ ஓடுகிற யதுர்ஷன் அண்ணா, "கொலைகாரனை எண்பதாம் பக்கத்திலேயே பிடித்துவிட்டேன். இலிகிதன் நல்லவனா கெட்டவனா என்று மட்டும் கடைசிவரை விளங்கவில்லை. அது பெரிய குறை" என்று எழுதினார். அதன் கீழே மாமி திரும்பவும் வந்து, "அதுதான் கதை" என்று எழுதிவிட்டுப் போனார். வேறு ஒருவர், "ஓடிப்போனவனுக்கு என்ன நல்லவன், கெட்டவன்" என்று எழுதியிருந்தார். அந்த எழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

அருமைநாயகம் ஐயா எழுதியதை மட்டும் அப்படியே தருகிறேன். "செத்தவன் எழும்பி வந்து கையெழுத்து வைப்பானா? கற்பனைக்கும் ஓர் எல்லை வேண்டும்." எழுதிவிட்டு, வாசிகசாலையில் இருந்த எல்லோருக்கும் சத்தமாக வாசித்தும் காட்டினார்.

நாவல் வந்த பிறகு ஊரில் ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வையே மாறிப்போனது. பேப்பர் வாசிக்கிறவர்கள் பேப்பருக்கு மேலால் மற்றவரைப் பார்க்கிறார்கள். நீரோடன் இந்த ஊர் ஆள்தான், வயல் வட்டையின் வாய்க்கால் திரும்புகிற இடத்தைக்கூடச் சரியாக எழுதியிருக்கிறான் என்கிறார்கள். ஒரு கிழமை தபால்காரரைச் சந்தேகப்பட்டார்கள். அடுத்த கிழமை பழைய கிராம சேவகரை. ஒருவரும் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. கடிதம் எழுதவே பஞ்சிப்பட்டுத் தள்ளிப்போடுகிற மனிசன் என்றுதான் உங்களைப் பற்றி எல்லோருடைய நினைப்பும்.

எனக்கும் அப்போது சந்தேகம் வரவில்லை. பதினான்காம் அத்தியாயத்தை வாசித்தபோது சந்தோசம்தான் வந்தது. அதில் அந்த இலிகிதர் மகளின் கணக்குக் கொப்பிக்குப் பழைய கலண்டர் தாளில் உறை போடுகிறார். படம் உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம். செலோடேப் மழைக்கு விட்டுவிடும் என்று சோற்றை மசித்துப் பசையாக்கி ஒட்டுகிறார். உறைக்குள்ளே ஒரு கடுதாசியை ஒளித்து வைக்கிறார். கடுதாசியை நான் கவனிக்கவே இல்லை அப்பா. இன்னொரு வீட்டிலும் ஓர் அப்பா இப்படித்தான் கொப்பி கட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். ஒருநாளும் எழுதாத நான் அன்றைக்குப் பென்சிலை எடுத்து எழுதினேன். "கொப்பிக்கு உறை போடுவதைச் சரியாக எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டிலும் சோற்றுப் பசைதான்."

நான் செய்த பிழை இதுதான். இதைச் சொல்லத்தான் மூன்று நாளாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

போன திங்கட்கிழமை ஒருவர் வந்தார். வெளியே கொட்டுகிற மழை, அவருடைய சப்பாத்தில் சேறு இல்லை. கெம்பசில் நாவல்களை ஆராய்ச்சி செய்கிறாராம். புத்தகத் தட்டுகளைத் திரும்பியும் பார்க்காமல் நேரே 'பச்சை மை'யைக் கேட்டார். கொடுத்தேன். கதைப் பக்கம் ஒன்றையும் திறக்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் திறந்து போனில் படம் எடுத்தார். பிறகு என்னுடைய வரியில் விரலை வைத்து, "தங்கச்சி, இது யார் எழுதினது?" என்று கேட்டார். தெரியாது என்றேன். யார் யார் புத்தகம் எடுத்தார்கள் என்று பதிவுக் கொப்பியைக் கேட்டார். அது தலைவரின் அலுமாரியில் பூட்டி இருக்கிறது, திறப்பு அவரிடம் என்றேன். பதிவுக் கொப்பி என் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது. அதில் பக்கத்துக்குப் பக்கம் என் எழுத்து.

அந்த நேரம் யதுர்ஷன் அண்ணா பேப்பர் பார்க்க வந்தார். வந்த மனிதர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "ஆர் கா இவர்? நாவல்ல வாற சி.ஐ.டி. மாதிரியே இருக்கார், மீசைதான் இல்ல" என்று அண்ணா சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. வாசல் வரைக்கும் வாகனத்தில் வந்து இறங்கியவர் அந்த மழைக்குள் ஏன் கோயிலடி வரைக்கும் நடந்து போய் ஏறினார்?

அவர் போனதும் என் வரியை அழித்தேன். அதை மட்டும் அழித்தால் தெரியும் என்று மற்ற எல்லாவற்றையும் அழித்தேன். அடுத்த நாள் இராசாத்தி மாமி வந்து, "என்ட அஞ்சு வரியையும் ஆர் கா அழிச்ச? நீரோடன் ராவோட ராவா வந்து அழிச்சிட்டுப் போயிட்டானோ?" என்று ஒரு சண்டையே போட்டார். தெரியாது என்றேன். பேசாத பிள்ளை பொய் சொல்லாது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். படம் எடுத்த போனில் அந்த வரி இருக்கும் என்பதை நான் மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கொப்பி உறையைப் பற்றிய வரியை ஒருவர் ஏன் தேடி வந்தார் என்று யோசித்தபோதுதான் எனக்கு உங்கள் மேல் சந்தேகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை பகல், அம்மா சங்கக் கடைக்குப் போனபோது, என் தகரப் பெட்டியைத் திறந்தேன். நீங்கள் போகிற அன்று, "மகள், பழைய பேப்பர்க்காரனுக்கு உன்ட கொப்பி ஒண்டையும் நிறுத்துக் குடுத்திராத" என்று சொன்னீர்கள். சரி என்று மட்டும் சொன்னேன். ஒன்பதாம் ஆண்டுக் கொப்பிகள் பன்னிரண்டும் அப்படியே இருந்தன. ஒவ்வோர் உறையாக ஈரத் துணி வைத்துப் பிரித்தேன்.

குடியியல் கொப்பியில் அந்தப் பத்திரக் கடுதாசி இருந்தது.

பதினாறு பெயர். பதினாறு கையெழுத்து. வாவிக்கு அங்கால் பக்கத்து வட்டை முழுவதும். அடியில் பெரிய அதிகாரிகள் வைக்கிற பச்சை மையில் ஒன்று, யாருடையது என்று வாசிக்க முடியவில்லை. ஐந்தாவது பெயர் அருமைநாயகம் ஐயாவின் அண்ணன், இளையதம்பி அப்பப்பா. திகதி ஆவணி மாதம். அவர் அதற்கு முந்திய தையிலேயே செத்துப்போனார். செத்த வீட்டில் தேத்தண்ணி கொடுத்தது நான்தான். இரண்டு வருசமாக ஐயா புதன்கிழமை தவறாமல் கந்தோருக்குப் போய் வயல் பூமியின் கோப்பு எங்கே என்று கேட்கிறார். காணவில்லை, தேடுகிறோம் என்கிறார்களாம். திரும்பி வரும்போது என்னிடம், "உன்ட அப்பா இன்னும் கந்தோரில இருந்திருந்தா என்ட கோப்பு துலைஞ்சிருக்காது கா" என்பார். நான் புத்தகங்களை அடுக்குவேன்.

சாட்சியின் இடத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. என் முன்னேற்ற அறிக்கையில் ஒவ்வொரு தவணையும் நீங்கள் வைக்கிற அதே கையெழுத்து.

கந்தோரில் இருந்த பென்சன் வேலையை விட்டுவிட்டு வான் ஓட ஏன் போனீர்கள் என்று ஊர் கேட்டது. எனக்கு இப்போது விளங்குகிறது. நீங்கள் போன பிறகு பள்ளிக்கூடம் போகும் வழியில் இரண்டு தரம் ஒரு மோட்டார் சைக்கிள் பின்னால் வந்தது. அம்மா பயந்து என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிற்பாட்டினார். அப்படியென்றால் ஒரு வருசமாக அந்தக் கடுதாசியை என் புத்தகப் பையில் வைத்து நான்தான் சுமந்திருக்கிறேன். கோபப்பட்டு எழுதவில்லை. கோபமில்லை என்றும் எழுதமாட்டேன்.

நாவலில் அந்த இலிகிதர் கையெழுத்து வைக்கும்போது, மேசைக்கு முன்னால் நின்றவன் அவருடைய மகள் எந்தப் பள்ளிக்கூடம் என்று மெதுவாகக் கேட்டதாக இருக்கிறது. பயத்தில்தான் வைத்தார், பிறகு மனம் கேட்காமல் அந்தக் கடுதாசியை எடுத்துக்கொண்டு வந்தார் என்று இருக்கிறது. அருமைநாயகம் ஐயா அந்த நாவலை நம்பவில்லை. நான் நம்புகிறேன். நீங்கள் எழுதியதாக இருந்தால் நம்புகிறேன்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கடுதாசியை வேறு இடத்தில் வைத்துவிட்டேன். எங்கே என்று எழுதமாட்டேன், நீங்கள் அதையும் அடுத்த நாவலில் போட்டுவிடுவீர்கள். அதை ஐயாவின் கையில் கொடுக்கலாம் என்றால், வருகிற வெள்ளிக்கிழமை பேசும்போது, "புதுக் கலண்டர் வந்திட்டா மகள்?" என்று என்னிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் மழையைப் பற்றிக் கேளுங்கள். கொடுத்தால் உங்கள் கையெழுத்தையும் அவர் பார்ப்பார். கொடுக்காவிட்டால் இனி வருகிற புதன்கிழமைகளிலும் அவர் குடையோடு போவார். இரண்டும் யோசித்துச் சொல்லுங்கள்.

தைப்பொங்கலுக்கு வருவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். அம்மா இப்போதே புதுப்பானை வாங்கி வைத்திருக்கிறார். அப்பா, இந்தப் பொங்கலுக்கு வர வேண்டாம். லீவு கிடைக்கவில்லை என்று நீங்களே அம்மாவிடம் சொல்லுங்கள். அந்தச் சப்பாத்துக்கார மனிதர் இன்னும் எத்தனை தரம் வருவார் என்று பார்த்த பிறகு, வாருங்கள் என்று நானே எழுதுகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. கடுதாசி இருந்தது ஒரு கொப்பியில்தான். மற்றப் பதினொன்றையும் ஓரம் ஓரமாகப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே கலண்டர் படம், கொப்பிக்குள் என்னுடைய எழுத்து, டீச்சரின் சிவப்புச் சரி அடையாளம், அவ்வளவுதான். ஒன்றுக்காகத்தான் என்றால் அந்த ஒன்றை மட்டும் வைத்திரு என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் ஒன்றையும் கொடுக்காதே என்றீர்கள். ஏன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. அது பிழையாக இருந்தாலும் இருக்கட்டும், கடிதத்தில் பதில் எழுத வேண்டாம். ஒருநாள் வந்து வாயால் சொல்லுங்கள். அதுவரைக்கும் பதினொன்றுக்கும் திரும்ப உறை போட்டு வைத்திருக்கிறேன். படம் உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம்.

வாசித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள். இரவில் வான் ஓடும்போது நித்திரை வந்தால் நிற்பாட்டுங்கள். கொம்புச்சந்திப் பிள்ளையார் உங்களுக்குத் துணை நிற்பார்.

உங்கள் மகள்
கஜானி