கொடைக்கானலில் காத்தாடி எதற்கு?

அட்டுவம்பட்டி,
18-11-1961

அன்புள்ள அப்பாவுக்கு ஞானவேல் வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் குறைந்தனவா?

நீங்கள் சிபாரிசு செய்து என்னை மெக்கானிக்காகச் சேர்த்துவிட்ட லாரி முதலாளி அடைக்கலராஜ், என்னைப் பற்றிப் புகார் எழுதக்கூடும். அதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். பழைய லாரியில் என்ஜின் ஃபேனின் இறக்கை ஒடிந்ததும், அதைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்படியே ஓட்டச் சொன்னார் அந்த மேதை. ஃபேன் இல்லாவிட்டால் என்ஜின் சூடேறிவிடும், புதியது மாட்ட வேண்டும் என்றேன்.

"ஏலே இன்ஜினியரு, கொடைக்கானல்ல காத்தாடி மாட்டுன வீடு ஒண்ணக் காட்டு பாப்பம்! மனுசனுக்கே வேண்டாம், என்ஜினுக்கு எதுக்கு?"

டிரைவர் தங்கமுத்து கைகொட்டிச் சிரித்தான். எனக்குப் பொறுக்கவில்லை. "காத்தாடியோட மூளையையும் கழட்டிட்டீங்களா மொதலாளி?" என்று கேட்டுவிட்டேன்.

மறுநாளே, வத்தலக்குண்டிலிருந்து அரிசி ஏற்றி வந்த லாரி, ரேடியேட்டர் கொதித்துப் பாதி மலையில் நின்றது. நான் இறங்கிப் போய்ப் புது ஃபேன் மாட்டினேன். பெல்ட்டை இறுக்கும்போது, சிரித்த அதே மடையன் ஸ்டார்ட்டரை அமுக்கிவிட்டான். விரலில் சின்னச் சிராய்ப்புதான். எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

லாரி மேலே வந்து சேர்ந்ததும் முதலாளி கேட்கிறார்: "சரி தம்பி, டிசம்பர் குளுருக்குக் கழட்டிரலாம்ல?"

என் பழைய கம்பளியையும் கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும் அனுப்புங்கள். ஊர்ச் செய்தி எதுவானாலும் நீளமாகவே எழுதுங்கள். தபால் பஸ் ஹாரன் அடிக்கிறது.

பொங்கலுக்கு வர மாட்டேன். நான் திரும்புவதற்குள் ஃபேனைக் கழற்றிவிடுவார்கள்.

ஞானவேல்