மூன்றாவது குரலுக்கு முன்

அத்தானுக்கு,

லீவில் வந்தபோது பாதி வாசித்துக்காட்டிய பேய்க்கதைப் புத்தகம் திரும்பி வந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்திலிருந்து உங்கள் டிரங்குப் பெட்டியை உங்கள் தம்பி தாணப்பன் கொண்டுவந்தார். மலையில் என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்கினார். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். முடிவைச் சொல்லாமல் புத்தகத்தை எடுத்துப்போனீர்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வாசிக்கும்போது நடுவில் நிறுத்தி மிரட்டுவீர்கள். "பேயி ரெண்டு வாட்டிதான் பேரு சொல்லிக் கூப்பிடும், கேட்டியா? மூணாவதும் கூப்பிட்டாத்தான் மனுஷன். அதுக்கு முன்ன கொரலு குடுத்திராத." எங்கள் வீட்டிலும் அப்படிச் சொல்லித்தான் வளர்த்தார்கள்.

பெட்டி வந்த மறுநாளிலிருந்து உச்சிவெயிலில் புறவாசலில் நின்று கூப்பிடுகிறீர்கள். நீங்கள் மட்டும் சொல்லும் அந்தச் செல்லப்பெயர். இரண்டு முறை. அப்புறம் வாழையிலைகள் அசைகிற சத்தம்தான்.

வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"மைனி, ஒரு வாட்டியாவது அழுதிருங்கோ" என்கிறார் தம்பி. பிச்சம்மாள் அத்தை வெள்ளைச் சேலையை மடித்துக் கட்டிலில் வைத்திருக்கிறாள். தினமும் அதை எடுத்துப் பரணில் போடுகிறேன்.

இன்று கதையின் முடிவை நானே வாசித்தேன். அதில் வரும் பெண் கடைசிவரை குரல் கொடுக்கவில்லை. பிழைத்துக்கொள்கிறாள். நூறு வயதுவரை தனியாக இருக்கிறாள்.

எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை, அத்தான்.

நாளை இரண்டு முறை கூப்பிட வேண்டாம். முதல் குரலுக்கே வந்துவிடுகிறேன்.

புறவாசலைத் தாழிடாத
உங்கள் மனைவி