வாசிக்காமல் விட்ட பத்தி

ஹெப்பாள், மைசூர்
26-7-1998

அன்புள்ள பிரசாந்துக்கு அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அந்தக் குளிர் தேசத்தில் வேளைக்குச் சாப்பிட்டுச் சளி பிடிக்காமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். உன் தங்கச்சி ஜீவிதா பி.யு.சி. சேர்ந்துவிட்டாள், தமிழில் எழுதச் சொன்னால் அப்பா மாதிரியே கன்னட எழுத்தில் எழுதிக் காட்டிச் சிரிக்கிறாள். பத்து நாளாக ஆடித் தூறல். வேலை முடிந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறேன், கம்பெனி பஸ் போன பிறகு தார் ரோடு யாருமில்லாமல் மினுங்கிக்கொண்டு கிடக்கும், பார்த்தால் மார்ச்சில் நீ எழுதிய உறைந்த ஏரிதான் நினைவுக்கு வரும். ஏரி மேல் கார் ஓடுகிறது, சத்தமே இல்லை, உள்ளே நீ உட்கார்ந்து பிரேக்கைச் சோதித்துக் குறித்துக்கொள்கிறாய். விழித்தபடியே இப்படிக் கனவு கண்டு இரண்டு முறை பால் பொங்கிவிட்டது.

போன கடிதத்தில் மறைத்ததை இப்போது சொல்கிறேன், பயப்படாதே. ஃபேக்டரியில் விருந்தாளிகளுக்கென்று வெளிநாட்டுக் கார் ஒன்று வாங்கினார்கள், நீ வேலை பார்க்கிற அதே ஏ.பி.எஸ். பிரேக் உள்ளது, வழுக்கும்போது சக்கரம் இறுகிக்கொள்ளாமல் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி பார்த்துக்கொள்ளுமே, அது. இத்தனை டிரைவர்கள் இருக்க அப்பாவிடம்தான் சாவியைக் கொடுத்தார்கள். இந்த மாதம் முதல் வாரம் ஊட்டியிலிருந்து ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு வரும்போது, குண்டலுபேட்டை தாண்டித் தூறலில் ஒரு மாடு குறுக்கே வந்திருக்கிறது. அப்பா மிதித்ததும் காலடியில் பெடல் கடகடவென்று நடுங்கியதாம். பிரேக் உடைந்துவிட்டதென்று நினைத்துக் காலை எடுத்து எடுத்து மிதித்திருக்கிறார், லாரி ஓட்டிய காலத்தில் பாலாறு இறக்கத்தில் மழையில் அப்படி மிதித்துத்தானே பிழைத்தார். கார் நிற்கவில்லை. மாட்டுக்காக வண்டியை ஒடித்ததில் செண்டுமல்லித் தோட்டத்துக்குள் போய் நின்றது. மாட்டுக்கும் மனிதருக்கும் ஒரு கீறல் இல்லை. பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் கண் விழித்துச் சுற்றிலும் பூவைப் பார்த்துவிட்டு, வரவேற்பெல்லாம் எதுக்கு அய்யாவு, நேரா ரூமுக்கே போலாம் என்று அப்பாவிடம் சொன்னாராம். அதைச் சொல்லும்போது அப்பா சிரிக்கவில்லை. வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மல்லப்பன், கம்ப்யூட்டர் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு, உன் காலுக்குத்தான் வயசாயிடுச்சு, பெங்களூருல ரெண்டு நாள் கிளாஸ் இருக்கு, போனா சாவி, இல்லைன்னா ஸ்டோர்ல உக்காரு என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். இருபத்தாறு வருசம் ஓட்டுனவன் அ ஆவன்னாவுல இருந்து படிக்கோணுமா, ஸ்டோர்லயே உக்காந்துக்கறேன் என்று அப்பா சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்தார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர் வலது கால் தானாக அழுந்தி அழுந்தி எழுவதைப் பார்த்தேன்.

அன்றைக்குத்தான் உன் மார்ச் மாதக் கடிதத்தை மறுபடி எடுத்தேன். உன் தமிழ் எழுத்தை அப்பாவுக்கு நான்தானே வாசித்துக் காட்டுகிறேன். அது வந்த அன்று, எல்லா வண்டியிலும் இந்த ஏ.பி.எஸ். இருக்க வேண்டுமென்று சட்டம் வரப்போகிறது, டிரைவரின் கைப்பழக்கத்தை நம்பிய காலம் போய்விட்டது என்று நீ எழுதிய இடம் வந்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். உன்னை நினைத்துப் பூரித்துப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பத்தியை விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். விட்ட அந்தப் பத்தியின் கடைசியில்தான் கண்ணு, பெடல் நடுங்கும், காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், அப்பாவிடம் சொல் என்று எழுதியிருந்தாய். நம் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது, தபாலில் படித்ததானாலும். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு அவர் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று நானே முடிவு செய்துவிட்டேன். இரண்டு வாரம் வாய் வரவில்லை. சொல்லாவிட்டால் தன் கால் கெட்டுப்போனதென்றே நம்பி, மிச்ச வருஷத்தை அந்த ஸ்டோரில் கழித்துவிடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் வாசித்தேன். கேட்டு முடித்ததும் அப்பா, பி.ஏ. படிச்சது பாதிக் கடுதாசிய முழுங்கறதுக்கா என்றார். அன்று சோறுகூட ஜீவிதா போட்டால்தான் சாப்பிட்டார். மறுநாள் காலையில் அவரே கடிதத்தைக் கொண்டுவந்து, இன்னொருக்கா படி என்றார். நடுங்குனா வேலை செய்யுதுன்னு அர்த்தமா, அப்போ பொட்டி வெச்சவங்க காலுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணுமல்ல என்று கேட்டார். உன்னிடம் கேட்கச் சொன்னது இது: சக்கரம் வழுக்கறது அந்தப் பொட்டிக்குத் தெரியுது சரி, மேயற மாடு எந்தப் பக்கம் திரும்பும்னு அதுக்குத் தெரியுமா? எனக்கு நீ எழுதியதும் அவர் கேட்பதும் நியாயமாகவே படுகிறது. அங்கே பெரியவர்களிடம் பேச உனக்கு இடமிருந்தால், வண்டியில் அதை வைக்கச் சட்டம் போடுகிறவர்கள் ஓட்டுகிறவனுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் சேர்த்தே போடச் சொல். அப்பா நாளைக் காலை பெங்களூர் வகுப்புக்குப் போகிறார். கன்னடத்தில் குறித்துக்கொள்ள நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிவைத்திருக்கிறார், மல்லப்பன்கிட்ட சொல்லிராத என்று எனக்குக் கட்டளை.

குளிர் தொடங்கியதும் காதை மூடித் தொப்பி போட்டுக்கொள், ராத்திரி ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளாதே. சாமுண்டி உன் பக்கத்திலேயே இருக்கட்டும், நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். ஒன்றை மட்டும் மனதில் வை, இனி உன் கடிதத்தில் ஒரு வரி விடாமல் வாசிக்கப்போகிறேன். கசப்பானதையும் எழுது, அப்பா எதிரே உட்கார்ந்து கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு எழுது.

உன் அம்மா,
மகேஸ்வரி