செவலை செத்தது தண்ணீரால் அல்ல

மகள் சரண்கோவுக்கு,

உன் செவலைக் குதிரையைக் கொன்றது லுவ்சன் மாமா. மற்ற விசேஷங்களுக்குள் போனால் இதை எழுதாமல் விட்டுவிடுவேன் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். நீ சுகமாக இருக்கிறாயா, சியோலில் மழை விட்டதா, தொழிற்சாலையில் ராத்திரி வேலையை மாற்றிக் கொடுத்தார்களா. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், ஆடுகள் தேறியிருக்கின்றன, புல் மோசமில்லை. போனில் சொல்லலாமென்றால் மேட்டில் ஏறினால்தான் சிக்னல், அங்கே எப்போதும் நான்கு பேர் நிற்கிறார்கள். அதனால் கொரியா வரும் தோல்கோர் மகளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மாமா உனக்கு முன்பே போன் செய்திருப்பான். ஓடி வந்த சூட்டோடு அப்பா குளிர்ந்த தண்ணீர் காட்டினார், அதனால் கால் பிடித்துக்கொண்டது என்று சொல்லியிருப்பான். இங்கேயும் எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறான், எல்லோரும் நம்புகிறார்கள், ஏனென்றால் சூட்டில் தண்ணீர் காட்டக் கூடாது என்பது பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும். நடந்தது வேறு. உன் முதல் முடி இறக்கியபோது மாமா கொடுத்த பெட்டைக் குதிரையின் பேரன் அது, உன்னுடையது, ஆனாலும் கோடைப் பந்தயத்துக்கு, தான் வேலை பார்க்கும் நகரத்து முதலாளி பெயரில் ஓடட்டும் என்று மாமாதான் கேட்டு வாங்கி, நம் கொட்டகைப் பக்கத்திலேயே கட்டிப் பழக்கினான். முதலாளி மூட்டை மூட்டையாக பார்லி இறக்கினார். பிறந்ததிலிருந்து புல்லைத் தவிர எதையும் கண்டிராத குதிரை. ஒரு நாள் அவர் தன் சிநேகிதர்களோடு இரண்டு பெரிய கார்களில் வந்தார். ஆளுக்கொரு வாளி பார்லியை நீட்டி, அது தின்னத் தின்னப் படம் எடுத்துக்கொண்டார்கள். போதும் என்று அப்பா இரண்டு தரம் சொன்னார். மாமா சிரித்துக்கொண்டே, "விடு மச்சான், இவங்க சீமைக் குதிரையெல்லாம் இதைத்தான் திங்குது, உன் புல்லைத் தின்னா செயிச்சுது?" என்றான். அவர்கள் நீட்டிய வாளிகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்ததும் அவன்தான்.

மறுநாள் செவலையின் வயிறு கல்லாக இருந்தது, சாணி புளித்த கூழ் மாதிரி போயிற்று. மருத்துவரைக் கூப்பிட்டால் முதலாளி காதுக்குப் போகும் என்று மாமாவுக்குப் பயம். பந்தயக்காரன் கொழுத்த குதிரைக்குச் செய்வதை மாமா இதற்கும் செய்தான். "வேர்க்க வெச்சா தின்னது இறங்கிடும்" என்று கம்பளத்தைப் போர்த்தி ஓட்டினான், வியர்வையை மரச்சீப்பால் வழித்தான், பிறகு தலையைத் தூக்கிக் கட்டிச் சரளை மண்ணில் விடியும்வரை பட்டினியாக நிறுத்தினான். அப்பா தண்ணீர் காட்டியது அதற்கும் பிறகு, உடம்பு முழுக்க ஆறிய காலையில். அதற்குள் செவலை முன்கால்களை நீட்டிப் பின்கால்களில் சாய்ந்து, பனிக்கட்டி மேல் நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தது. குளம்பில் கை வைத்துப் பார்த்தேன், அடுப்புத் தகரம் போலச் சுட்டது.

கடைசியில் நான்தான் போய் கால்நடை மருத்துவர் உயங்காவை அழைத்துவந்தேன். அவள் ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எவ்வளவு தானியம் போட்டீங்க?" என்றுதான் முதலில் கேட்டாள். மாமா, "மச்சான் தண்ணி காட்டிட்டாரும்மா" என்றான். "நான் தண்ணியக் கேக்கல. தானியம் வயித்துல புளிச்சு விஷமாகி ரத்தத்துல கலந்திருக்கு. அது குளம்புக்கு இறங்கினா உள்ள வீங்க இடம் கிடையாது. எலும்பைக் குளம்போட பிடிச்சிருக்கிற சதை கிழியுது, எலும்பு இறங்குது. இதுல ஓட்டினீங்களா? யாரு ஓட்டினது?" என்றாள். மாமா கம்பளத்தை மடிக்கத் தொடங்கினான். மழைக்குப் பின் முளைத்த இளம்புல்லைக் கொழுத்த குதிரை அளவில்லாமல் மேய்ந்தாலும், குட்டி போட்ட குதிரைக்கு நஞ்சுக்கொடி உள்ளே தங்கிவிட்டாலும், ஒரு கால் நொண்டி மற்ற காலிலேயே நாள்கணக்கில் பாரம் போட்டு நின்றாலும் இது வரும் என்றும், தண்ணீரால் வந்து தான் பார்த்ததில்லை என்றும் சொன்னாள். மருந்து போட்டாள், காலடியில் மணல் பரப்பச் சொன்னாள். அடுத்த வாரம் உள்ளங்குளம்பைத் துளைத்துக்கொண்டு எலும்பின் முனை வெளியே வந்தது. துப்பாக்கியால் சுட்டு அதன் வேதனையை முடித்தார்கள். உன் குதிரை, உன்னைக் கேட்டிருக்க வேண்டும், யாரும் கேட்கவில்லை. நான் அதன் தலைமாட்டில் பால் தெளித்துவிட்டுத் திரும்பி வந்து ஆடு கறந்தேன். இதுவரை அழுகை வரவில்லை. எதுவும் வரவில்லை. சோறு சோறாக இருக்கிறது, அவ்வளவுதான்.

முதலாளி வேறு குதிரை வாங்கிவிட்டார். அவர் வாளியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, மாமாவின் வேலையும் போகவில்லை. அப்பாவை நம்பி மேய்க்க விட்டிருந்தவர்கள்தான் தங்கள் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் காதுபடவே ஒருத்தன், "இவரு கையில தண்ணிக்கு விட்டுடாதீங்கப்பா" என்றான், கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அதையும் தாங்கிக்கொள்வேன். நேற்று அப்பா சேணத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே, "ஒருவேளை நான்தானோ, துல்மா?" என்று என்னிடம் கேட்டார். கூடவே நின்று எல்லாவற்றையும் பார்த்த மனிதர் கேட்கிறார். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீ அவரிடம் பேசும்போது வேறெதுவும் சொல்ல வேண்டாம், தண்ணீரால் இல்லை என்று மட்டும் சொல்.

வேளைக்குச் சாப்பிடு. இயந்திரத்தின் முன்னால் தூங்கி வழியாதே. கம்பளிக் காலுறை இரண்டு வைத்திருக்கிறேன், குளிர் வருமுன் போட்டுக்கொள். போகிற வழியெல்லாம் உனக்குப் பால்போல வெள்ளையாக, நல்லதாக இருக்கட்டும், கண்ணே, நீ நன்றாக இருப்பாய்.

செவலையின் தலை நம் கொட்டகைக் கூரைமேல் இருக்கிறது. அதை மலையுச்சிக் கற்குவியலில், செயித்த குதிரைகளின் தலைகளோடு வைக்க வேண்டும் என்று மாமா இன்று காலை, மரியாதைக்குப் போர்த்தும் நீலத் துணியோடு வந்தான். முதலாளியும் வருவாராம், படம் எடுப்பாராம். நான் ஏணியை எடுத்து உள்ளே போட்டேன். "கொண்டு போ. ஆனா இது எதனால செத்துச்சுன்னு உன் மச்சான் முகத்தைப் பாத்துச் சொல்லிட்டுக் கொண்டு போடா" என்றேன். அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். மாமா தேநீரைக் குடித்து முடித்தான், கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தான், வெறுங்கையோடு வண்டியில் ஏறிப் போனான்.

அம்மா துல்மா