தலை தட்டிய வள்ளம்

சோளக்காடு
11-2-2001

அன்புள்ள அப்பாஸ் பாய்க்கு,

சென்னியப்பன் எழுதுவது. இங்கே நலம், முழங்கால் மட்டும் குளிருக்கு முணுமுணுக்கிறது. உங்கள் வீட்டுத் தங்கச்சி பாத்திமா கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது. பாட்டிலைக் கழுவி சாக்பீஸ் போட்டு வைத்திருக்கிறேன். இது ஜாடை என்று அவருக்குப் புரியும்.

ஓய்வு பெற்ற பிறகு மலையில் என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். இந்தப் பள்ளிக்கு இரண்டு வருடமாக அறிவியல் ஆசிரியர் இல்லை. பத்தாம் வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள். விட்டுவிட்டு வர மனமில்லை.

மோல் கணக்கில் வந்து நின்றோம். "கண்ணுக்கே தெரியாத அணுவை எப்படீங்க சார் எண்றது?" என்றான் சசிகுமார். எண்ண வேண்டாம், அளந்தால் போதும் என்று சொல்லி, இங்கே தானியம் அளக்கிற வள்ளத்தை மேசைமேல் வைத்தேன். சாமையும் ஒரு வள்ளம், மிளகும் ஒரு வள்ளம். அளவு ஒன்று, எடை வேறு. மோலும் அந்த மாதிரி. மக்னீசியம் ஒரு மோல் 24 கிராம், ஆக்சிஜன் ஒரு மோல் 32 கிராம். மக்னீசியம் எரிய, அது இரண்டு வள்ளம் என்றால் ஆக்சிஜன் ஒரு வள்ளம். முகங்கள் தெளிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பக்கத்து மலையூரான பெரக்கரை நாட்டுப் பெண் தாமரைச்செல்வி எழுந்தாள். "ஏனுங்க சார், தலை தட்டி அளக்கறதுங்களா, குவிச்சு அளக்கறதுங்களா?"

இங்கே வியாபாரிக்கு அளந்தால் வள்ளத்தின் தலையைத் தட்டி மட்டமாக்குவார்கள். உறவுக்காரருக்கு என்றால் குவித்து அளப்பார்கள். நான் சிரித்துவிட்டு, "முழுசா எரியணும்னா ஆக்சிஜனைக் கொஞ்சம் குவிச்சே அள, கண்ணு. பத்தலைன்னா பாதியில நின்னுரும்" என்றேன். சோதனைக் கூடத்தில் நாமும் அப்படித்தானே செய்கிறோம்.

உங்கள் பள்ளியில் ப்ளஸ் ஒன் அறிவியலுக்கு அவளுக்கு ஓர் இடம் பார்ப்பதாகச் சொன்னீர்கள். நினைவிருக்கட்டும்.

பிரியமுடன்,
சென்னியப்பன்


சேந்தமங்கலம்
27-5-2001

அன்புக்குரிய அண்ணனுக்கு,

இதை எழுதக் கூடாது. எழுதாமலும் இருக்க முடியவில்லை. படித்ததும் கிழித்துவிடுங்கள்.

விடைத்தாள் திருத்தும் முகாமில் எனக்கு வந்த ஒரு கட்டு. பெயர் இல்லை, பள்ளி இல்லை, எண்ணையும் மறைத்திருந்தார்கள். '48 கிராம் மக்னீசியம் முழுதும் எரியத் தேவையான ஆக்சிஜன் எவ்வளவு?' என்பது கேள்வி. முதல் தாளில் 32 கிராம் என்று சரியாக வந்து, அதன்கீழே 'குவித்து அளக்க 33' என்று எழுதியிருந்தது. அடுத்த தாளிலும் 33. அதற்கடுத்ததிலும். இருபத்து மூன்று தாளிலும், அண்ணா.

உங்கள் கடிதம் என் நினைவுக்கு வந்தது. ஆனால் ஒரே தவறு ஒரே கட்டில் வந்தால் தலைமைத் தேர்வாளரிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்னேன். பார்த்து எழுதியது என்று அறிக்கை தயாரித்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

முடிவை நிறுத்தி வைக்கிறார்கள். ஜூன் 11 அன்று பள்ளிக்கு விசாரணைக்கு வருவார்கள். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

தங்கள்,
அப்பாஸ் அலி


சோளக்காடு
3-6-2001

அன்புள்ள பாய்க்கு,

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளைகள் திருடவில்லை, நான் சொன்னதைத்தான் எழுதினார்கள். நாற்பது வருடம் உதாரணம் சொல்லியே பிழைத்தவன் நான். கடையில் அளக்கிற பேச்சு வேறு, தாளில் எழுதுகிற விடை வேறு என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டேன்.

தலைமையாசிரியரிடம் போனேன். "நீங்க ரெஜிஸ்டர்லயே இல்லீங்களே, உங்க பேச்சை எப்படிங்க எடுத்துக்குவாங்க?" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். இது அவர்கள் வாத்தியார் சொன்ன உதாரணம் என்று உங்கள் வாயால் ஒரு வரி சொன்னால் போதும்.

நான் சும்மா உட்காரவில்லை. விடுமுறையிலும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, குவித்தது தவறு, தாளில் எப்போதும் தலை தட்டித்தான் அளக்க வேண்டும் என்று தினமும் எழுத வைக்கிறேன். விசாரணையில் கணக்குக் கொடுத்தால் ஒருவரும் தப்பாக எழுத மாட்டார்கள்.

சென்னியப்பன்


சேந்தமங்கலம்
6-6-2001

அண்ணா,

தயவுசெய்து உடனே நிறுத்துங்கள். வேறு கணக்கொன்று கொடுத்து, பிள்ளைகளைத் தனித்தனியாக உட்கார வைத்து எழுதச் சொல்லப் போகிறார்கள். அதிலும் அவர்கள் குவித்தே எழுதினால், இது கற்றுக்கொண்ட பழக்கம், பார்த்து எழுதியது அல்ல என்று தானாகத் தெரிந்துவிடும். சரியாக எழுதினால், தெரிந்த பிள்ளைகள் அன்றைக்கு ஏன் ஒரே தவறை எழுதினார்கள் என்று கேட்பார்கள். குவிக்கச் சொல்லுங்கள், அண்ணா. எல்லாரும் 33 எழுதிய மாதிரியே எழுதட்டும்.

பஸ் நிறுத்தத்துக் கடை போனுக்கு இரண்டு நாளாக அடிக்கிறேன், லைன் கிடைக்கவில்லை. நேரில் வரலாம். திருத்தியவன் விசாரணைக்கு முன்னால் மலையில் நின்றதை யாராவது பார்த்தால் என் வேலை போகும். நீங்கள் கேட்ட அந்த ஒரு வரிக்கும் இதே பதில்தான். எனக்கு இன்னும் நான்கு வருட சர்வீஸ் இருக்கிறது.

அப்பாஸ்


சோளக்காடு
1-7-2001

திரு. அப்பாஸ் அலி அவர்களுக்கு,

6-ஆம் தேதியிட்ட உங்கள் கடிதம் 13-ஆம் தேதி என் கைக்கு வந்தது. மழையில் கொண்டை ஊசி வளைவொன்றில் மண் சரிந்து நான்கு நாள் பஸ் ஏறவில்லை. விசாரணைக்காரர்கள் மண் சரியும் முன்பே வந்து இங்கே தங்கியிருந்தார்கள்.

நீங்கள் சொன்னபடிதான் நடந்தது. தனித்தனியாக உட்கார வைத்தார்கள், வேறு கணக்குக் கொடுத்தார்கள். இருபத்து மூன்று பேரும் தலை தட்டி, சரியாக எழுதினார்கள். நான் சன்னலுக்கு வெளியே நின்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்த ஆள் இந்த மலையிலேயே நான்தான்.

அறிவியல் தாளை ரத்து செய்துவிட்டார்கள். அக்டோபரில் மறுபடி எழுதலாம். பள்ளி திறந்து மாலை வகுப்பு வைத்தேன், ஒன்பது பேர் வந்தார்கள். நீங்கள் பார்த்து வைத்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம். தாமரைச்செல்வி வீட்டார் கூர்க் பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போகிறார்கள். அவளும் போகிறாள்.

போகிற அன்று சோளக்காட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். அக்டோபருக்கு வந்துவிடு சாமி என்றேன். மூட்டையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள்: "குவிச்சதும் தப்புன்னாங்க, தலை தட்டுனதும் தப்புன்னாங்க. நாங்க எப்படித்தானுங்க சார் அளக்கோணும்?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது.

மலையடிவாரத்தில் காரவள்ளியில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் இங்கே வந்துவிடலாம். மண் சரிந்தது எட்டாம் தேதிதான், ஆறும் ஏழும் பஸ் ஓடியது. இதை வேறு எதற்கும் சொல்லவில்லை. நீங்கள் இனி எழுத வேண்டாம். தங்கச்சிக்கு அவர் பாட்டிலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நன்றாகக் கழுவித்தான் அனுப்பினேன், ஆனாலும் சாக்பீஸ் வாசம் போகவில்லை.

இப்படிக்கு,
க. சென்னியப்பன்